முதுகில் ஜிப் வைத்த வாட்டர் போலோ உடை: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்டர் போலோ என்பது குளத்தில் நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் விளையாட்டு. பெண்கள் வாட்டர் போலோவில் சென்டர் ஃபார்வர்டாகவோ (எதிரணி கோலுக்கு நேர் முன்னால் நின்று தாக்குபவள்) சென்டர் பேக்காகவோ (அவளைத் தடுப்பவள்) ஆடுகிறீர்கள் என்றால் இந்த உடையை வாங்குங்கள். கோல்கீப்பர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். காலையில் நாலு சுற்று நீந்த மட்டும்தான் என்றால் வேண்டவே வேண்டாம், காசுக்குக் கேடு.

நான் பேசுவது கழுத்தெலும்பு வரை மூடி, முதுகில் நீள ஜிப் வைத்து, தடித்த துணியில் தைத்த ஒற்றை உடையைப் பற்றி. பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. நான் போட்டுப் பார்த்தவரையில் நிறமும் சின்னமும்தான் மாறுகின்றன, வெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சென்டர் பேக்காக ஆடியவள். இப்போது ஒரு கிளப்பில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அணிக்கு உடை வாங்கிப் போடும் வேலையும் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. ஆக, போட்டவளாகவும் வாங்கியவளாகவும் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு உடை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியாது. தண்ணீருக்கு மேலே தெரிவது தலை, தோள், பந்து மட்டும். ஆழம் இரண்டு மீட்டர் அளவில் இருக்கும், தரையில் கால் ஊன்றக் கூடாது. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வட்டமாகச் சுழற்றி, முட்டை அடிக்கும் கரண்டியைப் போலத் தண்ணீரைக் கடைந்துகொண்டே மிதக்க வேண்டும். எட்டு எட்டு நிமிடமாக நாலு பாகம். கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் ஆகிவிடும். இத்தனை நேரமும் சென்டர் ஃபார்வர்டின் முதுகில் ஒருத்தி ஒட்டிக்கொண்டே இருப்பாள். பந்து கையில் இல்லாதவளைப் பிடித்து இழுத்தால் ஃபவுல். ஆனால் ரெஃபரிகள் நடப்பது குளத்தின் ஓரத்தில், இழுபறி நடப்பது இடுப்புக்குக் கீழே. நுரைக்குள் ஒரு கை உடையைக் கொத்தாகப் பிடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

நானும் பிடித்திருக்கிறேன். சென்டர் பேக்காக ஆடிவிட்டுப் பிடிக்கவே இல்லை என்று சொல்பவளை நம்பாதீர்கள்.

சாதாரண பந்தய நீச்சலுடையில் முதுகு திறந்திருக்கும், பட்டைகள் நடுவில் வந்து சேரும். எதிராளிக்கு அது ரெடிமேட் கைப்பிடி. விரலை விட்டால் போதும், திரும்பிச் சுழலப் பார்ப்பவளை அப்படியே நிறுத்திவிடலாம். இடுப்போரம், தொடைக்கு மேலே வெட்டு முடியும் இடம், அக்குள் விளிம்பு, இவையும் நல்ல பிடிகள்தான். ஜிப் உடை முதலில் அடைப்பது முதுகை. பட்டைகளைக் கழுத்தை ஒட்டிக் கொண்டுபோய், விளிம்புகளை உடம்போடு இறுக்கி, மேல் துணியை வழுக்கலாக வைத்திருக்கிறார்கள். கை வரும், துணி கையில் நிற்காது. ஒரு விரற்கடை துணி கிடைத்தாலும் அடுத்த உதையில் நழுவிவிடும். நல்ல சென்டர் ஃபார்வர்டுக்கு அந்த நழுவும் நேரம் போதும்.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். மற்றதெல்லாம் இதற்கு நாம் கொடுக்கிற விலை.

சர்வதேச ஆட்டக்காரிகளின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தப் பிடி விஷயம் எத்தனை வருடக் கணக்கு என்று தெரியும். ஸ்பெயினின் மைக்கா கார்சியா சென்டர் ஃபார்வர்ட். 2012 லண்டன், 2016 ரியோ, டோக்கியோ, 2024 பாரிஸ் என்று நாலு ஒலிம்பிக். லண்டனிலும் டோக்கியோவிலும் வெள்ளி, பாரிஸில் ஆஸ்திரேலியாவை 11-9 என்று வென்று தங்கம். பன்னிரண்டு வருடம் உலகத்தின் பலசாலிப் பெண்கள் எல்லாரும் முறை வைத்து அவர் முதுகில் தொங்கியிருக்கிறார்கள். சென்டரில் ஆடுகிறவருக்கு கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்புப் போடக் கூடாது. எத்தனை பேரைத் தன்மேல் இழுத்து வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வழி விட்டார், எத்தனை எதிராளிகளை ஃபவுல் வாங்கவைத்து வெளியே அனுப்பினார் என்று பார்க்க வேண்டும். அப்படி மூன்று பெரிய ஃபவுல் வாங்கியவள் மீதி ஆட்டத்துக்குத் தண்ணீருக்குள் வர முடியாது. உடை வழுக்கினால் எதிராளி துணியை விட்டுவிட்டு கையையோ தோளையோ பிடித்தாக வேண்டும். அது ரெஃபரி கண்ணில் படும். வழுக்கும் உடை விசிலையும் வாங்கித்தரும் என்பது என் அனுபவம். எந்த விளம்பரத்திலும் இதை எழுதிப் பார்த்ததில்லை.

அளவுக்கு வருவோம். நீங்கள் வழக்கமாகப் போடும் நீச்சலுடையின் அளவையே வாங்காதீர்கள், ஒன்று குறைத்து வாங்குங்கள். காய்ந்த உடம்பில் போடும்போது மூச்சு முட்டும், தோள் கூனும், 'இது எனக்கு இல்லை' என்று தோன்றும். தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் துணி தளர்ந்து உடம்போடு படிந்துவிடும். கரையிலேயே வசதியாக இருக்கும் உடை தண்ணீருக்குள் பையாகிவிடும். அளவுப் பட்டியல்களில் மார்பும் இடுப்பும்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது தோளிலிருந்து தொடையிடுக்கு வரை உள்ள உடல் நீளம். அது சரியில்லை என்றால் பட்டை தோளை அறுக்கும், பந்தை எறியக் கையை உயர்த்தும்போது முழு உடையும் கூடவே மேலே வரும்.

இந்த விளையாட்டில் எல்லா அளவு உடம்பும் உண்டு என்பதைத் தைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பிரெண்டா வில்லாவின் உயரம் ஐந்தடி நாலங்குலம் அளவுதான். 2000 முதல் 2012 வரை நாலு ஒலிம்பிக் ஆடி வெள்ளி, வெண்கலம், வெள்ளி, கடைசியில் தங்கம் என்று முடித்தார். அதே அணிக்குப் பின்னால் வந்த கோல்கீப்பர் ஆஷ்லி ஜான்சன் ஆறடிக்கு மேல். இந்த இருவருக்கும் ஒரே வெட்டை நீட்டியும் சுருக்கியும் கொடுத்தால் எப்படிப் பொருந்தும்? தேசிய அணிகளுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்க ஆள் இருக்கலாம். கிளப் பிள்ளைகளுக்குப் பெட்டியில் வருவதுதான். எங்கள் அணியில் நெட்டையாக இருக்கும் பெண்ணுக்கு உடல் நீளம் பார்த்து வாங்கினால் இடுப்பில் தொளதொளக்கிறது, இடுப்பு பார்த்து வாங்கினால் தோளில் வெட்டுகிறது. தையற்காரரிடம் கொடுத்து இடுப்போரத்தைப் பிடித்தோம், தையல் உள்பக்கமாக உறுத்துகிறது என்று அதற்கும் ஒரு புகார்.

சரி, ஜிப். உடையின் உயிரும் அதுதான், நோயும் அதுதான். தானாகப் போட்டுக்கொள்ளவே முடியாது. பின்னாலிருந்து ஒருத்தி துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி இழுக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒருத்திக்கு ஒருத்தி ஜிப் போட்டுவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த கூச்சக்காரப் பெண்கூட இதனால் முதல் வாரத்திலேயே எல்லாரோடும் பேசியாக வேண்டும். அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. தனியாகப் பயிற்சிக்கு வருகிறவள் என்ன செய்வாள் என்பது மட்டும் கேள்வி. நாங்கள் ஜிப்பின் நாக்கில் ஒரு நீளக் கயிறு கோத்து இழுத்துக்கொள்கிறோம், அப்புறம் கயிற்றை உருவிவிட வேண்டும். மறந்தால் எதிராளிக்கு அதுவும் ஒரு கைப்பிடி.

வாங்கும்போது மூன்று இடத்தைத் தடவிப் பாருங்கள். பற்கள் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், உலோகம் குளோரினில் அரித்துப்போகும். நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ள மேலே ஒரு சின்ன மடிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்கழுத்தைப் பிறாண்டும், எதிராளியின் விரலும் மாட்டும். மூன்றாவது, ஜிப்பின் அடிமுனை. எல்லா இழுவையும் வந்து நிற்கும் இடம் அதுதான். அங்கே ஒற்றைத் தையல் போட்டிருந்தால் அந்த உடையைக் கீழே வைத்துவிடுங்கள். எங்களிடம் கிழிந்தவற்றில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் கிழிந்தன, அதுவும் ஆட்டத்தின் நடுவே.

ஆட்டத்தின் நடுவே உடை கிழிவதும் விலகுவதும் சிரிக்கிற விஷயம் இல்லை. பெண்கள் ஆட்டத்தில் தண்ணீருக்கடியில் கேமரா வைத்துப் படம் பிடிப்பது வழக்கமாகிவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவும் ஸ்பெயினும் மோதிய ஆட்டத்தில் இழுபறியில் உடை விலகியது அப்படியே தொலைக்காட்சியில் நேரடியாகப் போய்விட்டது. அந்தச் சில நொடியைப் பேசியவர்கள், அதே இரண்டு அணிகளும் பின்னால் இறுதிப் போட்டியில் மோதியதைப் பேசினார்களா தெரியவில்லை. அந்த இறுதியில் அமெரிக்கா 8-5 என்று வென்றது. அதில் ஐந்து கோல் போட்ட மேகி ஸ்டெஃபன்ஸுக்கு அப்போது வயது 19. சிலர் இந்தப் பயத்திலேயே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உடை போட்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். கழுத்து வரை மூடிய நல்ல ஜிப் உடை இருந்தால் அது தேவைப்படாது. உடை ஊடுருவித் தெரியக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆனால் அந்த விதி புது உடைக்கு எளிது, குளோரினில் ஊறிய உடைக்குத்தான் கஷ்டம். மாதத்துக்கு ஒருமுறை உடையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வலைபோலத் தெரிய ஆரம்பித்தால் பயிற்சிக்குக்கூட வேண்டாம்.

அடுத்தது உராய்வு. கழுத்தோரமும் அக்குளும் சிவந்துபோகும். நீந்துகிறவர்கள் வாஸ்லின் தடவிக்கொள்வார்கள். நமக்கு அது நடக்காது, உடம்பில் எண்ணெய்ப் பசை எதுவும் இருக்கக் கூடாது என்பது ஆட்ட விதி. ஆட்டத்துக்கு முன்னால் ரெஃபரி நகத்தைப் பார்ப்பார், நீளமாக இருந்தால் அங்கேயே வெட்டச் சொல்வார். ஆக, விளிம்பு மென்மையாக மடித்துத் தைத்திருப்பதைத்தான் வாங்க வேண்டும், வேறு மருந்து கிடையாது. சில உடைகளில் விளிம்புக்கு உள்ளே ரப்பர் நாடா வைத்திருக்கிறார்கள். நழுவாமல் நிற்கிறது, உண்மைதான், ஆனால் எறியும் கைப்பக்கம் ஒரே வாரத்தில் தோலை எடுத்துவிடுகிறது. தோள்தான் இந்த விளையாட்டில் பிழைப்பு. எறிவதும் நீந்துவதும் ஒரே மூட்டை வைத்துத்தான். அந்த மூட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் எதுவும் எனக்கு ஆகாது.

கோல்கீப்பர்களுக்கு ஏன் யோசிக்கச் சொன்னேன் என்றால், அவர்களை யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது இடுப்பு வரை தண்ணீரைவிட்டு எழும்புவதும், மூன்று மீட்டர் அகல கோலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பாய்வதும். தடித்த துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. எங்கள் கோல்கீப்பர் பழைய மெல்லிய உடைக்கே திரும்பிவிட்டாள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஆட்ட நாளில் எல்லாரும் ஒரே மாதிரி உடையில் நிற்க வேண்டும் என்பார்கள், அப்போது அவளும் ஜிப் உடைதான் போடுகிறாள், முணுமுணுத்துக்கொண்டே.

உடையோடு சேர்த்து எடுத்த தொப்பியைப் பற்றி இரண்டு வரி. காதுக்கு மேல் வரும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் வளையக்கூடியவையாக இருக்க வேண்டும், நாடா தாடைக்குக் கீழே கட்டியும் நிற்க வேண்டும். நிற்கிறது. எண்கள் மங்கவில்லை. போதும். பந்து வாங்குகிறவர்களுக்கு: பெண்களுக்கான பந்தின் சுற்றளவு 65 முதல் 67 செண்டிமீட்டர், ஆண்களுடையது அதைவிடப் பெரியது. கடையில் இருக்கிறதே என்று பெரியதை வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். விரல்கள் பந்தைப் பிடிக்காமல் மணிக்கட்டை மடித்துத் தாங்கப் பழகிவிடும், அப்புறம் அதைத் திருத்துவது பெரும்பாடு.

இனி உழைப்பு. இங்கேதான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். கடைப்பெட்டியில் 'குளோரினைத் தாங்கும்' என்று எழுதியிருக்கும். பாலியெஸ்டர் தாங்கும். இழுவை கொடுக்கிற எலாஸ்டேன் நூல் தாங்காது, அதைக் குளோரின் மெல்ல மெல்லத் தின்றுவிடும். உடையின் உள்துணியில் என்ன நூல் எவ்வளவு என்று பார்த்து, எலாஸ்டேன் குறைவாக இருப்பதை எடுங்கள். போடக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நாள்பட நிற்கும். ஆடி முடித்ததும் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு பையில் சுருட்டிப் போட்டு மறுநாள் எடுப்பவளுக்கு எந்த நிறுவனமும் உதவ முடியாது. ஜிப்பை மேலே வரை போட்டுவிட்டுத்தான் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் பற்கள் கோணிக்கொள்ளும். இத்தனை செய்தும் தினமும் போட்டால் ஒரு பருவத்துக்குமேல் இறுக்கம் நிற்பதில்லை. இறுக்கம் போன ஜிப் உடை என்றால், சாதாரண உடையைவிடக் கனமான சாதாரண உடை, அவ்வளவுதான்.

இதைக் கேட்டு 'தேசிய அணியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு செலவா' என்று நினைப்பவர்கள் உண்டு. 2024-ல் ஸ்டெஃபன்ஸ் ஒரு பதிவு போட்டார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், பெண்கள் ஒலிம்பிக் வாட்டர் போலோவில் மிக அதிக கோல் போட்டவர். தன் அணியில் பலர் இரண்டாவது, மூன்றாவது வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு ராப் பாடகர் ஃப்ளேவர் ஃப்ளாவ் அணிக்கு ஆதரவு தர முன்வந்தார், ஐந்து வருட ஒப்பந்தமே போட்டார். பாரிஸில் அரங்கத்தில் உட்கார்ந்து கத்தினார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்கே ஒரு பாடகர் வந்துதான் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், மற்ற நாடுகளில் ஆடுகிறவளின் கணக்குப் புத்தகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆண்கள் 1900-லிருந்தே ஒலிம்பிக்கில் ஆடுகிறார்கள், பெண்களுக்கு 2000 சிட்னியில்தான் கதவு திறந்தது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது என்றதும் ஓய்விலிருந்து திரும்பிவந்து 39 வயதில் ஆடினார் அமெரிக்காவின் மொரீன் ஓ'டூல். இறுதியில் ஆஸ்திரேலியா கடைசி இரண்டு நொடிக்குள் கோல் போட்டு அவர் அணியை 4-3 என்று தோற்கடித்தது. அவர் ஆடிய காலத்தில் பெரும்பகுதிக்கு ஒலிம்பிக் என்ற பேச்சே இல்லை.

அதனால் அணிக்கு வாங்கும்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜிப் உடை, ஆட்டத்துக்கும் ஆட்டம் போன்ற பயிற்சிக்கும் மட்டும். காலை நீச்சலுக்கும் கால் உதைப் பயிற்சிக்கும் பழைய சாதாரண பாலியெஸ்டர் உடை. இப்படிப் பிரித்ததிலிருந்து ஜிப் உடைகள் நீடித்து உழைக்கின்றன. ஒரு விதிவிலக்கு உண்டு. சென்டரில் ஆடுகிற இருவரும் வாரத்தில் ஒரு நாளாவது முழுப் பயிற்சியையும் ஜிப் உடையிலேயே செய்ய வேண்டும், அந்த இறுக்கத்தில் மூச்சு வாங்கிப் பழக வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு, வாங்கித் தருவதில்லை. பிடி கொடுக்காமல் திரும்புவதை அவர்கள் முதலில் காலாலும் இடுப்பாலும் கற்றுக்கொள்ளட்டும். அளவும் ஆறு மாதத்தில் மாறிவிடும்.

மதிப்பெண்: பிடி கொடுக்காமைக்கு ஐந்துக்கு ஐந்து. பொருத்தத்துக்கு மூன்று, நெட்டையானவர்கள் இரண்டு என்று படித்துக்கொள்ளுங்கள். ஜிப்புக்கு மூன்றரை, அடிமுனையில் இரட்டைத் தையல் இருந்தால் நாலு. உழைப்புக்கு இரண்டரை. கறுப்பு அல்லது கருநீல நிறத்தில் வாங்குங்கள், வெளிர் நிறங்கள் சீக்கிரம் வெளுத்து முதலில் ஊடுருவித் தெரிவது அவைதான். பின்பக்கம் இரட்டைத் துணியா என்று கடையில் கேட்க வேண்டாம், உள்ளே கையை விட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.